பரீட்சையில் தோற்ற பையன் உயிரின் ரகசியம் கண்ட கதை

பக்கவாதம் என்ற பெயரைக் கேட்டாலே குடும்பம் நடுங்கும்.

காலையில் எழுந்து காபி குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் புறப்படுகிறார் ஒருவர். திடீரென்று ஒரு கை துவண்டு விழுகிறது. வாய் கோணுகிறது. பேச்சு குழறுகிறது. நேற்று வரை நாலு ஏக்கர் பண்ணையத்தைக் கட்டி ஆண்டவர், இன்று ஒரு டம்ளர் தண்ணீருக்கு மற்றவர் கையை எதிர்பார்க்கிறார்.

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் இப்படி ஒருவரையாவது பார்க்காத ஊர் இருக்காது.

ஏன் இந்தக் கதி? பெரும்பாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டதால்தான்.

ரத்தம் நின்றால் மூளை ஏன் உடனே சாகத் தொடங்குகிறது? கையையோ காலையோ இறுக்கிக் கட்டினால் அது கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிறது. மூளை மட்டும் ஏன் சில நிமிஷங்கள்கூடப் பொறுப்பதில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தரும் பொருளை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர் இந்தியர். சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றவர்!

இன்னும் ஒரு சங்கதி உண்டு. உடம்புக்குள் நடக்கும் ஒரு வேலையை, மருந்தைக் கொண்டு ஏமாற்றித் தடுத்து, அந்தத் தடையாலேயே நோயை அடக்கலாம். அப்படிப்பட்ட புகழ் பெற்ற மருந்து ஒன்று அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் பிறந்தது. இன்று பக்கவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் அதே தந்திரத்தில்தான் வேலை செய்கின்றன.

அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். ஊர் பீமவரம். அன்று அது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது.

தகப்பனார் ஜகன்னாதம், ரெவினியூ இலாகாவில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டதால் முன்னதாகவே வேலையை விட்டு விலக நேர்ந்தது. தாயார் வெங்கம்மா. வீட்டில் ஏழு குழந்தைகள். நாலாவது பிள்ளை சுப்பாராவ்.

வருமானம் குறைந்த வீடு. வயிறுகளோ அதிகம். பையனுக்குப் படிப்பில் மனம் ஓடவில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் ஓடியது.

13 வயதில், உறவுக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். காசிக்குப் போய், அங்கே வரும் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது திட்டம்!

திட்டம் பலிக்கவில்லை. பையனைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தாயார் அவனை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

அந்தத் தாயின் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. கணவர் இறந்த பிறகும் அவர் மனம் தளரவில்லை. தன் நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் படித்து, மூன்றாவது தரம் பரீட்சை எழுதி, சுப்பாராவ் தேறினார்.

சந்நியாசியா, டாக்டரா?

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆனால் மனம் வேறு பக்கம் திரும்பியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகிவிட விரும்பினார்.

தாயின் சம்மதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மடத்தார் தயாராக இல்லை. தாயோ சம்மதிக்கவில்லை. டாக்டருக்குப் படித்து ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்று மடத்தில் யோசனை சொன்னார்கள். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்ற பெரியவரும் உதவினார். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

கதர் தந்த தண்டனை

அது காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம். அன்னியத் துணியை விலக்கிக் கதர் உடுத்தும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. விளைவு, படிப்பின் முடிவில் தெரிந்தது. சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அரசாங்க வைத்திய உத்தியோகமும் கிடைக்கவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அண்ணன் தம்பியைத் தின்ற நோய்

இந்தச் சமயத்தில் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. ஸ்புரூ என்று ஒரு நோய். நம் ஊரில் கிரகணி என்று சொல்லும் நோயைப் போன்றது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பேதி நிற்காது. ரத்தம் குறையும். உடம்பு நாளுக்கு நாள் உருகும்.

இந்த நோய்க்குச் சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் பலியானார்கள்! பின்னர் சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியத்தில் அவர் பிழைத்துக்கொண்டார்.

டாக்டருக்குப் படித்தும் உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோய்க்குக் காரணம் என்ன? எதனால் அது குணமாகிறது? யாருக்கும் தெரியவில்லை. இதைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம் அவர் மனத்தில் வேரூன்றியது. அதற்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும். ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா போக வேண்டும்.

மாமனார் பணம் கொடுத்தார். காக்கிநாடாவில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனமும் உதவியது. 1920-களின் தொடக்கத்தில், கர்ப்பிணி மனைவியை விட்டுப் பிரிந்து, சுப்பாராவ் கப்பல் ஏறினார். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவதாகத்தான் எண்ணம்.

அவர் திரும்பி வரவே இல்லை.

மலத்தட்டு கழுவிய டாக்டர்

பாஸ்டன் நகரம். பனி கொட்டும் ஊர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். கையில் பணமில்லை. இந்திய எல்.எம்.எஸ். பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வைத்தியம் பார்க்கவும் வழியில்லை.

ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தி வேலை கிடைத்தது. நோயாளிகளின் மலத்தட்டுகளையும் மூத்திரப் பாத்திரங்களையும் கழுவும் வேலை. டாக்டர் பட்டம் பெற்றவர், முகம் சுளிக்காமல் அதைச் செய்தார். இரவில் கழுவினார். பகலில் படித்தார்.

ஊரிலிருந்து ஒரு துக்கச் செய்தி வந்தது. அவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண் குழந்தை, பச்சிளம் வயதிலேயே இறந்துவிட்டது. தகப்பன் மகனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சொந்தத் துக்கத்தை ஆராய்ச்சியில் மூழ்கித்தான் மறக்க முயன்றார்.

உயிரின் சில்லறைக் காசு

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்ற பேராசிரியரிடம் சுப்பாராவ் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு சுலபமான வழி தேடினார்கள். 1925-ல் வழி கிடைத்தது. ரசாயனத்தைக் கலந்தால் நீல நிறம் தோன்றும். நீலம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பரஸ் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. பிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகம் முழுவதும் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோதுதான் பெரிய புதையல் அகப்பட்டது. 1927-ல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார்.

இவை என்ன? பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். விஷயம் சுலபம்.

ஒரு விவசாயி வீட்டில் குதிர் நிறைய நெல் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் நெல்லை வாங்கமாட்டார். சில்லறை கேட்பார். நாம் சாப்பிடும் சோறும் களியும் குதிரில் உள்ள நெல். அது உடம்புக்குள் சில்லறையாக மாறினால்தான் செலவழிக்க முடியும். அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. கை அசைவதும், இருதயம் துடிப்பதும், மூளை நினைப்பதும் இந்தச் சில்லறையைக் கொடுத்துத்தான்.

பாஸ்போகிரியேட்டின் என்ன? வீட்டுப் பெண்கள் அவசரத்துக்கு முந்தானையில் நாலு காசு முடிந்து வைப்பார்களே, அதுதான். சில்லறை தீரும்போது சட்டென்று அவிழ்த்துக் கொடுக்கலாம். ஆனால் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மூளைக்கு ஏன் பொறுமை இல்லை?

இப்போது பக்கவாதத்துக்கு வருவோம்.

நம் மூளையின் எடை, உடம்பின் எடையில் 100-ல் 2 பங்குதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் 100-ல் 20 பங்கை அது ஒன்றே செலவழிக்கிறது! அப்படிச் செலவு செய்தும் சேமித்து வைக்கத் தெரியாத ஊதாரி அது. நிமிஷத்துக்கு நிமிஷம் ரத்தம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

மூளையின் ஒவ்வொரு உயிரணுவிலும் நுண்ணிய பம்புகள் உண்டு. உள்ளே புகும் உப்பை இடைவிடாமல் வெளியே இறைப்பது அவற்றின் வேலை. பம்புசெட்டுக்குக் கரண்ட் மாதிரி, இந்தப் பம்புகளுக்கு ஏ.டி.பி. ரத்தம் நின்றால் பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லாவிட்டால் புது ஏ.டி.பி. போதுமான அளவு உற்பத்தியாவதில்லை. முந்தானை முடிச்சும் சீக்கிரம் அவிழ்ந்துவிடுகிறது.

அப்புறம்? கரண்ட் போன கிணற்றில் தண்ணீர் ஏறுவது போல, உயிரணுவுக்குள் உப்பும் நீரும் ஏறுகின்றன. உயிரணு வீங்குகிறது. சாகிறது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு உயிரணுக்கள் சாகலாம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. அடைப்புக்கு நேரே உள்ள பகுதிதான் உடனே சாகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, வாய்க்காலின் கடைமடை வயல் மாதிரி. தண்ணீர் குறைந்துவிட்டது, பயிர் வாடிவிட்டது, இன்னும் கருகவில்லை. பக்கத்துக் குழாய்கள் வழியாகக் கசியும் கொஞ்சம் ரத்தத்தை வைத்து அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் ரத்தம் பாய்ந்தால் பிழைக்கும். பக்கவாத வைத்தியம் முழுவதும் இந்த வாடிய வயலைக் காப்பாற்றும் போராட்டம்தான்.

கிடைக்காத பதவி

1930-ல் சுப்பாராவுக்கு ஹார்வர்டு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனால் நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. ஆண்டுகள் ஓடின. பெரிய கண்டுபிடிப்புகளில் முன்னால் நின்றது பிஸ்கேயின் பெயர். சுப்பாராவ் எனக்கு எங்கே பங்கு என்று சண்டைக்குப் போகவில்லை.

1940-ல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவர் என்ற ஊரில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்கு அவர் மாறினார். பிறகு அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

அங்கே பழைய வைராக்கியம் மறுபடி தலைதூக்கியது. அண்ணன் தம்பியைக் கொன்ற நோய்!

அதற்கு முன்பே இந்தியாவில் ஒரு துப்பு கிடைத்திருந்தது. பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலர் கடுமையான ரத்தசோகையால் வாடினார்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் அங்கே வந்து ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சத்தைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். ஈஸ்ட்டிலும் ஈரலிலும் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது என்ன?

அதுதான் போலிக் அமிலம். கீரையில் நிறைய இருக்கும் சத்து. சுப்பாராவின் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து, 1945-ல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் அதை கியூபா நாட்டில் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோயாளிகள் தேறினார்கள்.

சகோதரர்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மருந்து அவர்களைக் காப்பாற்ற வரவில்லை. ஆனால் வந்துவிட்டது!

இன்று கோவை மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இந்தப் போலிக் அமிலம்தான்.

வெறும் தார்க்குச்சி வித்தை

இனிமேல்தான் தந்திரம் வருகிறது. அதற்கு முன், நொதி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் இதை என்சைம் என்பார்கள்.

ஒரு கவளம் வெறும் சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். சர்க்கரை போடவில்லையே, எப்படி இனித்தது? எச்சிலில் உள்ள நொதி, சோற்றில் உள்ள மாவை இனிப்பாக மாற்றியது. இப்படி உடம்பில் ஆயிரக்கணக்கான நொதிகள் உண்டு. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு தனி வேலை.

நொதியைத் தறி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடாவுக்குள் நூல் சுற்றிய தார்க்குச்சியைப் பொருத்தினால் தறி துணி நெய்யும். அதே வடிவத்தில், அதே கனத்தில், நூல் இல்லாத ஒரு வெறும் தார்க்குச்சியைப் பொருத்தினால்? உள்ளே கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் துணி வராது. நல்ல தார் உள்ளே போகவும் இடமில்லை. தறி நின்றுவிடும்.

இதுதான் நொதியைத் தடுக்கும் வைத்தியம்.

பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோயால் இறக்கும் குழந்தைகளைப் பார்த்து வேதனைப்பட்டுக்கொண்டிருந்தார். போலிக் அமிலம் கொடுத்தால் நோய் வேகமாக வளர்வதுபோல் அவருக்குத் தோன்றியது. அப்படியானால் போலிக் அமிலத்தைத் தடுத்தால் நோய் அடங்கும் அல்லவா?

சுப்பாராவின் குழு அப்படிப்பட்ட பொருளைச் செய்து கொடுத்தது. பார்வைக்குப் போலிக் அமிலம் மாதிரியே இருக்கும். ஆனால் பயன்படாது. அமினோப்டெரின் என்று பெயர். பார்பர் அதைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூன் மாதம் இந்தச் செய்தி வெளியாயிற்று. நிவாரணம் சில மாதங்கள்தான் நீடித்தது. ஆனாலும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முதலாக அசைந்தது!

அந்த மருந்து எந்த நொதியின் மேல் போய் உட்காருகிறது என்பது 1950-களின் இறுதியில்தான் தெளிவாகத் தெரிந்தது. அமினோப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. மூட்டுகளை முடக்கும் முடக்குவாதத்துக்கும் அதையே குறைந்த அளவில் கொடுக்கிறார்கள்.

அடைபட்ட வாய்க்காலுக்கு அதே வித்தை

சுப்பாராவ் பக்கவாதத்துக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வெறும் தார்க்குச்சி வித்தை வேறு பலர் கையில் பக்கவாதத்துக்கும் உதவிக்கு வந்தது.

ஆஸ்பிரின் எல்லோருக்கும் தெரிந்த மாத்திரை. 1899 முதல் விற்பனையில் உள்ளது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-ல்தான் இங்கிலாந்தில் ஜான் வேன் கண்டறிந்தார். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஒரு நொதி தேவை. ஆஸ்பிரின் அந்த நொதியைத் தடுக்கிறது. ஒரு தட்டணுவில் தடுத்தால், அதன் ஆயுள் முடியும் வரை தடை நீங்குவதில்லை. ஆகவே ரத்தக்குழாயில் கட்டி உண்டாவது குறைகிறது.

சிலோஸ்டசால் என்ற மாத்திரை இன்னொரு நொதியைத் தடுக்கிறது. அது கட்டியைக் குறைப்பதோடு குழாயையும் சற்று விரியச் செய்கிறது.

மூளையின் மேற்புறத்தில் ரத்தம் கசிந்துவிட்டால், சில நாட்கள் கழித்து அங்குள்ள குழாய்கள் சுருங்கிக்கொள்வது உண்டு. ரத்த ஓட்டம் குறைந்து மூளை மறுபடி வாடும். குழாயைச் சுருங்க வைக்கும் நொதியைத் தடுக்கும் பாசுடில் என்ற மருந்தை, இந்த ஆபத்துக்காக 1995 முதல் ஜப்பானில் கொடுக்கிறார்கள்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் இதே ஜாதிதான். ஈரலில் கொழுப்பு உற்பத்தியாவதற்குத் தேவையான ஒரு நொதியை அவை தடுக்கின்றன.

உண்டாகிவிட்ட கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும் வேறு வகை. அது நொதியைத் தடுப்பதில்லை. தானே ஒரு நொதி! நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குப் பின் பலன் குறையும், ஆபத்து கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆஸ்பிரின் நல்லது என்று கேள்விப்பட்டு, கை விழுந்தவரின் வாயில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். பக்கவாதம் இரண்டு விதம். குழாய் அடைபட்டும் வரும். குழாய் வெடித்தும் வரும். வெடித்து ரத்தம் கசியும்போது ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடிவிடும். எது என்பது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். விழுங்கும் சக்தியும் குறைந்திருக்கும் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

விடியாத இரவு

சுப்பாராவின் குழு அதோடு நிற்கவில்லை. யானைக்கால் நோய்ப் புழுவைக் கொல்லும் மருந்தை 1947-ல் தந்தது. தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட யானைக்கால் மாத்திரை அதுதான். 1948-ல் ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளில் அதுவே மூத்தது. அதைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர். அவரும் சுப்பாராவின் கீழ் வேலை செய்தவரே. கண்டுபிடித்தவரின் பெயர் முன்னால் வரட்டும் என்று தலைவர் பின்னால் நின்றுகொண்டார்.

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. கதர் அங்கிக்காகப் பட்டம் இழந்தவர், அந்தச் செய்தியை அமெரிக்காவிலிருந்துதான் கேட்டார்.

1948 ஆகஸ்ட் மாதம். இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. இருதயத்தின் ரத்த ஓட்டம் நின்றால் உயிரின் சில்லறை தீர்ந்துபோகும் என்று உலகுக்குத் தெரியக் காரணமானவரின் இருதயமே அப்படி நின்றுவிட்டது.

ஆந்திராவில் சேஷகிரி அம்மாள் காத்திருந்தார். கப்பல் ஏறிய நாளுக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இந்தப் பெண்மணி கொடுத்த விலைக்கு எந்தப் பரிசும் ஈடாகாது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல், அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, இந்திய அரசாங்கம் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

நாம் செய்ய வேண்டியது

தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் கண்ணுறங்காமல் கண்டுபிடித்த மருந்துகள் இன்று இருக்கின்றன. ஆனால் அவை நேரத்தோடு ஓடி ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மூன்று அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒரு கை கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் போதும். 108-க்கு டெலிபோன் செய்யுங்கள். நோய் கண்ட நேரத்தை நினைவில் வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மந்திரிக்கவும் எண்ணெய் தேய்க்கவும் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். சிறிது நேரத்தில் தானே சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அது பெரிய ஆபத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

நாற்பது வயது கடந்தவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். பக்கவாதத்துக்குப் பெரிய வாசல்கள் இவைதான்.

பரீட்சையில் தோற்ற பிள்ளையைத் திட்டும் பெற்றோர்களும் ஒன்றை யோசிக்கலாம். காசிக்கு ஓடிய பையனை வெங்கம்மா கைவிட்டிருந்தால், அவன் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்திருப்பான். அந்தத் தாய் நகையை விற்று மூன்றாவது தரம் பரீட்சைக்குப் பணம் கட்டினார். அந்தப் பணத்தின் பலன் இன்று நம் வீட்டு மருந்துப் பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது.